ஒரே ஓவன், எட்டுப் பதார்த்தம்: அயர்லாந்துக் கிறிஸ்துமஸ் விருந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்கும் பக்கத்து வீட்டில்தான் சாப்பாடு. மூன்றாவது வருடம் "இந்தத் தடவை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்று வாய்விட்டுவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தின் விளைவுதான் இது எல்லாம். இப்போது டிசம்பர் பிறந்தால் போதும், புதிதாக இங்கே வந்திருக்கும் நம் ஆட்கள் ஒவ்வொருவராகப் போன் செய்கிறார்கள். கேட்பதும் அநேகமாக அதே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாப்பாட்டில் கஷ்டமான பதார்த்தம் என்று ஒன்றுகூடக் கிடையாது. தனித்தனியாகப் பார்த்தால் நம் வத்தக்குழம்பைவிட எல்லாமே சுலபம். எட்டும் ஒரே நேரத்தில், சூடாக, ஒரே ஓவனிலிருந்து மேசைக்கு வர வேண்டும் என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறோம்.

தட்டில் என்னென்ன இருக்கும்?

நடுவில் வான்கோழி. அதன் மேலேயே அல்லது பக்கத்திலேயே ஒரு துண்டு ஹாம், அதாவது உப்பில் ஊறிய பன்றித்தொடை. ரொட்டித்தூளில் செய்த ஸ்டஃபிங். ஓவனில் மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கு, அது போதாதென்று மசித்த உருளைக்கிழங்கும். ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் என்கிற குட்டி முட்டைக்கோஸ். கேரட், வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும் பார்ஸ்னிப். எல்லாவற்றின் மேலும் கிரேவி. ஓரத்தில் ஒரு கரண்டி கிரான்பெர்ரி சாஸ். சில வீடுகளில் பாலும் ரொட்டித்தூளும் கிராம்பு குத்திய வெங்காயமும் சேர்த்துக் காய்ச்சிய பிரெட் சாஸும் உண்டு.

இதற்கு முன்னால் சின்னதாக ஒரு தட்டு வரும். புகையூட்டிய சால்மன் மீனும் சோடா ரொட்டியும், இல்லாவிட்டால் இறால் காக்டெயில். கடைசியில் கிறிஸ்துமஸ் புட்டிங், ஷெர்ரி ஒயினில் ஊறிய கேக்கின் மேல் கஸ்டர்டும் க்ரீமும் அடுக்கிய ட்ரைஃபில், அப்புறம் மேசையை விட்டு எழுந்திருக்க முடியாத நிலை.

இங்கிலாந்துக்காரர்கள் சாப்பிடுவதும் இதுதானே?

முக்கால்வாசி அதுதான். ஆனால் அதை ஒரு ஐரிஷ்காரரிடம் நேரில் சொல்லிப் பார்க்க வேண்டாம். இங்கே ஹாமுக்கு வான்கோழிக்குச் சமமான இடம் உண்டு; அது இல்லாவிட்டால் "ஏதோ குறைகிறதே" என்பார்கள். ஒரே தட்டில் இரண்டு மூன்று வகை உருளைக்கிழங்கு இருப்பதும் இங்கே யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. தெற்கே கார்க் பக்கம் போனால் மசாலா ஏற்றிய மாட்டிறைச்சி சேரும். அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

அயர்லாந்து என்றால் கார்ன்ட் பீஃபும் (உப்பில் ஊறிய மாட்டிறைச்சி) முட்டைக்கோஸும்தானே?

அது அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரர்களின் சாப்பாடு. நியூயார்க்கில் குடியேறியவர்களுக்குப் பன்றியிறைச்சியைவிட யூதர்களின் கடைகளில் கிடைத்த மாட்டிறைச்சி மலிவாகக் கிடைத்தது, பழகிவிட்டது. இங்கே சாதாரண நாட்களில் முட்டைக்கோஸோடு போவது பேக்கன், அதாவது உப்பிட்ட பன்றியிறைச்சி. கிறிஸ்துமஸுக்கு இரண்டுமே இல்லை.

எட்டுப் பேருக்கு எவ்வளவு வாங்க வேண்டும்?

5 கிலோ வான்கோழி, 2.5 கிலோ ஹாம், 3 கிலோ உருளைக்கிழங்கு, கேரட்டும் பார்ஸ்னிப்பும் தலா 1 கிலோ, ஸ்ப்ரவுட்ஸ் 750 கிராம். வெண்ணெய் 1 கிலோவாவது. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே ஆகும். இந்த ஊர் மாடுகள் வருடத்தின் பெரும்பகுதி புல் மேய்வதால் வெண்ணெய் நல்ல மஞ்சளாக இருக்கும். சாப்பாட்டின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது.

மறக்காமல் 24ஆம் தேதி மதியத்துக்குள் எல்லாவற்றையும் வாங்கி முடித்துவிட வேண்டும். 25ஆம் தேதி பஸ் கிடையாது, ரயில் கிடையாது, கடைகள் அநேகமாக எல்லாமே மூடியிருக்கும். பப் திறப்பதைச் சட்டமே தடுக்கிறது. உப்பு தீர்ந்தால்கூடப் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

உறைந்த வான்கோழியை எப்போது வெளியே எடுப்பது, அக்கா?

ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அடியில் ஆழமான தட்டு வைத்து விட வேண்டும். 2 கிலோவுக்கு ஒரு முழு நாள் என்பது கணக்கு. 5 கிலோ என்றால் குறைந்தது இரண்டரை நாள். நான் மூன்று நாள் கொடுப்பேன். அதாவது 22ஆம் தேதி காலையிலேயே இறக்கிவிட வேண்டும்.

என் முதல் விருந்தில் 24ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு எடுத்து வைத்தேன். காலையில் வெளிப்பக்கம் மெத்தென்று இருந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்தால் ஐஸ் கட்டி. குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கொரு தடவை தண்ணீர் மாற்றி, கடைசியில் மூன்று மணி சாப்பாடு ராத்திரி ஏழரைக்கு நடந்தது. விருந்தாளிகள் அதற்குள் ஒரு டின் பிஸ்கட்டைக் காலி செய்திருந்தார்கள்.

இன்னொன்று: வான்கோழியைக் கழுவ வேண்டாம். நமக்குக் கோழியை மஞ்சள் போட்டுக் கழுவாவிட்டால் மனசு கேட்காது, தெரியும். ஆனால் குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் சமையலறை முழுக்கப் பரவும். ஓவன் சூடு அதை எப்படியும் கொன்றுவிடும். காகிதத் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். தோல் காய்ந்திருந்தால்தான் மொறுமொறுப்பாகும்.

கறி வறண்டு போகாமல் சுடுவது எப்படி? மசாலா தடவலாமா?

தடவலாம், யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் முதல் தடவை தடவாமல் செய்து பாருங்கள் என்பது என் யோசனை. இந்தத் தட்டில் ருசி கிரேவியிலும் ஹாமின் உப்பிலும் ஸ்டஃபிங்கின் தைம் மணத்திலும் இருக்கிறது; வான்கோழி அதையெல்லாம் தாங்கி நிற்கும் சோறு மாதிரி. சோற்றுக்குக் காரம் போட்டால் குழம்புக்கு என்ன வேலை?

செய்முறை இதுதான். சுடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள். மார்புப் பக்கத் தோலுக்கும் கறிக்கும் நடுவில் விரலை விட்டு மெதுவாகப் பிரித்து, 100 கிராம் வெண்ணெயில் உப்பும் தைம் இலையும் பிசைந்து உள்ளே தள்ளித் தடவுங்கள். தோலின் மேல் கொஞ்சம். வயிற்றுக்குள் ஒரு வெங்காயமும் பாதி எலுமிச்சையும். மார்பை ஃபாயிலால் தளர்வாக மூடி, 180 டிகிரியில் வைக்க வேண்டும். விசிறி ஓவன் என்றால் 160. 5 கிலோவுக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆகும். கடைசி 40 நிமிடம் ஃபாயிலை எடுத்துவிட்டால் நிறம் வரும்.

"ஏறக்குறைய" என்று சொன்னேன் அல்லவா, அதை நம்பாதீர்கள். ஒரு இறைச்சித் தர்மாமீட்டர் வாங்குங்கள். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் இடிக்காமல் குத்தி, 75 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. வறண்ட வான்கோழிக்குக் காரணம் தொண்ணூறு சதம் பயம்தான்: வெந்ததோ இல்லையோ என்று இன்னும் அரை மணி, இன்னும் அரை மணி என்று விட்டு வைப்பது.

வெளியே எடுத்தபின் வெட்டாமல் ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். ஃபாயில் போர்த்தி, மேலே இரண்டு துண்டு போட்டால் சூடு போகாது. உடனே வெட்டினால் சாறு முழுக்கப் பலகையில் ஓடிவிடும். இந்த ஒரு மணி நேரம் இன்னொரு வகையிலும் உயிர் காக்கும், கீழே நேரக் கணக்கில் பாருங்கள்.

ஹாமை எதற்கு முதலில் தண்ணீரில் வேக வைக்கிறார்கள்?

இங்கே ஹாம் என்று கடையில் கிடைப்பது உப்பில் பதப்படுத்திய பச்சை இறைச்சி. முந்தின நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப் போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு வருடம் நான் ஊற வைக்க மறந்தேன். அன்றைக்கு எல்லாரும் ஆளுக்கு ஐந்து டம்ளர் தண்ணீர் குடித்தார்கள், பாவம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

புதுத் தண்ணீரில் ஒரு வெங்காயம், கேரட், பத்து மிளகு, பிரிஞ்சி இலை போட்டு, தளதளவென்று கொதிக்க விடாமல் மெல்லிய கொதியில் வேக வையுங்கள். கிலோவுக்கு 45 நிமிடமும் கூட ஒரு 20 நிமிடமும் கணக்கு. ஆறியபின் மேல்தோலை உரித்தால் வெள்ளைக் கொழுப்பு தெரியும். அதில் கத்தியால் டைமன் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்தி, கடுகு விழுதும் பழுப்புச் சர்க்கரையும் பூசி, 200 டிகிரியில் அரை மணி. மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கும். விருந்தின் மிக அழகான பொருள் இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஸ்டஃபிங் என்பதை வான்கோழிக்குள் அடைக்கத்தானே வேண்டும்?

பெயர் அப்படி. ஆனால் வயிறு நிறைய அடைத்தால் நடுவரைக்கும் சூடு ஏறத் தாமதமாகும். அது வேகும்போது மார்பு காய்ந்துவிடும். தனிப் பாத்திரத்தில் செய்யுங்கள். 100 கிராம் வெண்ணெயில் இரண்டு வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி நிறம் மாறாமல் வதக்கி, தைம், சேஜ், பார்ஸ்லி சேர்த்து, 250 கிராம் ரொட்டித்தூளைப் போட்டுக் கிளறி, 30 நிமிடம் ஓவனில். ரொட்டி முந்தின நாளையதாக இருந்தால் நல்லது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், விருந்தில் முதலில் காலியாவது இதுதான்.

சோறு வைக்கலாமா? உருளைக்கிழங்கு எதற்கு இத்தனை வகை?

குழந்தைகளுக்காக ஒரு கிண்ணம் வைப்பவர்கள் உண்டு. ஆனால் இந்த மேசையில் சோற்றின் இடம் உருளைக்கிழங்குக்குத்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நாட்டு ஏழைகளில் பல லட்சம் பேருக்கு மூன்று வேளையும் கிழங்குதான் சாப்பாடு. 1845இல் கிழங்கில் நோய் விழுந்தபோது ஏற்பட்ட பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அந்த நினைவு இன்னும் இருக்கிறது. ஆகவே கிழங்கு ஜோக்குகளை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வகை பார்த்து வாங்குவதுதான் முக்கியம். இங்கே மாவுத்தன்மை உள்ள கிழங்குக்குத்தான் மதிப்பு. தோல் வெடித்து உதிர்ந்து நிற்கும் கிழங்கை "மாவு உருண்டை" என்று பாராட்டுவார்கள். சிவப்புத் தோல் ரூஸ்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அது கார்லோ மாவட்டத்து ஓக் பார்க் ஆராய்ச்சிப் பண்ணையில் உருவான வகை. கெர்ஸ் பிங்க், கோல்டன் வொண்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் சாலட் கிழங்கு இதற்கு ஆகாது.

வறுவலுக்கு: தோல் சீவி, ஒன்றை மூன்று துண்டாக்கி, உப்புத் தண்ணீரில் 8 நிமிடம் வேக வைத்து வடியுங்கள். பாத்திரத்தை மூடாமல் ஐந்து நிமிடம் ஆவி போகட்டும். பிறகு மூடி போட்டு நன்றாக ஒரு குலுக்கு குலுக்குங்கள். ஓரமெல்லாம் உதிர்ந்து மாவு பூசியது போல் ஆகும். மொறுமொறுப்பு அங்கிருந்துதான் வருகிறது. அதற்குள் ஓவனில் ஒரு தட்டில் வாத்துக் கொழுப்பு 200 டிகிரியில் காய்ந்திருக்க வேண்டும். கிழங்கைப் போட்டால் சுரீரென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் கொழுப்பு காயவில்லை என்று அர்த்தம். 50 நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பினால் போதும். வாத்துக் கொழுப்பு வேண்டாம் என்றால் சாதாரண சமையல் எண்ணெய்.

மசியலுக்குச் சூடான பாலும் வெண்ணெயும். மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், பசை ஆகிவிடும்.

ப்ரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் கசக்கிறதே, விட்டுவிடலாமா?

விட முடியாது. யாருக்கும் பிடிக்காது, ஆனால் மேசையில் இருந்தே ஆக வேண்டும். பழைய தலைமுறை அதைச் சாம்பல் நிறம் வரும்வரை வேக வைப்பார்கள். அதிகம் வெந்தால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பிரிந்து நாற்றம் எடுக்கும். நான் இரண்டாக நறுக்கி, ஒரு கைப்பிடி பேக்கன் துண்டுகளோடு வாணலியில் எட்டு நிமிடம் பொரியல் மாதிரி வதக்குகிறேன். கடுகு தாளிக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். தாளித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கிரேவி பொடி வாங்கினால் போதாதா?

போதும். ஆனால் வான்கோழி சுட்ட தட்டின் அடியில் ஒட்டியிருப்பது தங்கம். கொழுப்பில் இரண்டு ஸ்பூன் மட்டும் விட்டு மீதியை எடுத்துவிட்டு, தட்டை அடுப்பின் மேலேயே வைத்து, இரண்டு ஸ்பூன் மாவு தூவிக் கிளறி, 600 மில்லி சூடான சூப் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுரண்டுங்கள். வான்கோழியின் கழுத்தைக் காலையிலேயே வெங்காயத்தோடு கொதிக்கப் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரே சூப் நீர். ஹாம் வெந்த நீரை ஊற்றினால் உப்பு கரிக்கும்.

ஒரு ஓவனை வைத்துக்கொண்டு இத்தனையையும் எப்படி முடிப்பது?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். சூத்திரம் ஒன்றே ஒன்று: வான்கோழி ஓய்வெடுக்கும் ஒரு மணி நேரம்தான் மற்ற எல்லாருக்கும் ஓவன் கிடைக்கும் நேரம்.

23ஆம் தேதி: கிரான்பெர்ரி சாஸ், ரொட்டித்தூள். அன்று ராத்திரி ஹாமை ஊறப் போடுங்கள்.

24ஆம் தேதி: ஹாமை வேக வைத்து, தோல் உரித்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஸ்டஃபிங்கை ஓவனுக்குப் போகும் நிலை வரைக்கும் தயார் செய்யுங்கள். காய்கறி எல்லாம் நறுக்கி, கிழங்கைத் தோல் சீவித் தண்ணீரில் மூழ்க வைத்து விடலாம். ட்ரைஃபிலும் அன்றைக்கே. மசியலையும் முந்தின நாளே செய்து, மறுநாள் பாலூற்றிச் சூடு பண்ணினால் யாருக்கும் தெரியாது.

25ஆம் தேதி, மூன்று மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால்:

காலை 9க்கு வான்கோழி ஃப்ரிட்ஜை விட்டு வெளியே. டிசம்பரில் இங்கே சூரியன் எட்டரைக்கு மேல்தான் எழுந்திருக்கும் என்பதால் இது விடிகாலை வேலை மாதிரியே இருக்கும். 9.40க்கு ஓவனைப் போட்டு, 10க்கு வான்கோழி உள்ளே. அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் உங்களுக்கு வேலையே இல்லை. பரிசுப் பொட்டலம் பிரிக்கலாம், சர்ச்சுக்குப் போகலாம்.

1 மணிக்குப் புட்டிங்கை ஆவியில் வையுங்கள், ஹாமை ஃப்ரிட்ஜிலிருந்து எடுங்கள். கிழங்கை வேக வைத்துக் குலுக்கி வைத்துக்கொள்ளுங்கள். 1.30க்கு வான்கோழி வெளியே, ஓவன் 200க்கு. தட்டில் கொழுப்பு காய்ந்ததும், 1.50 சுமாருக்கு, கிழங்கு மேல்தட்டில். நடுத்தட்டில் வெண்ணெய் தடவிய கேரட், பார்ஸ்னிப். 2.10க்குக் கீழ்த்தட்டில் ஹாமும் ஸ்டஃபிங்கும் பக்கத்தில் பக்கத்தில். அடுப்பின் மேல் கிரேவி. 2.40க்கு ஸ்ப்ரவுட்ஸ், மசியல் சூடு பண்ணுவது. அதே நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர் வான்கோழியை வெட்ட வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கக் கூடாது.

தட்டுகளைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்து எடுத்துக்கொள்ளுங்கள். சில்லிட்ட தட்டில் கிரேவி இரண்டு நிமிடத்தில் உறையும்.

கார்க்கின் மசாலா மாட்டிறைச்சி என்கிறார்களே, அது என்ன?

ஸ்பைஸ்டு பீஃப். நம் நாக்குக்கு இந்த நாட்டுக் கிறிஸ்துமஸில் மிக நெருக்கமானது இதுதான். 18ஆம் நூற்றாண்டில் கார்க் துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் உப்பிட்ட மாட்டிறைச்சியைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றுமதி செய்தது. உப்பிடும் தொழிலும் கப்பலில் வந்திறங்கும் மசாலாவும் சேர்ந்த ஊரில் இப்படி ஒன்று பிறந்ததில் ஆச்சரியமில்லை. 1788இல் தொடங்கிய இங்கிலீஷ் மார்க்கெட் என்ற சந்தை கார்க் நகரின் நடுவில் இன்றும் இருக்கிறது. டிசம்பரில் கருகருவென்று மசாலா அப்பிய இறைச்சி உருண்டைகளை அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள்.

உப்பு, பழுப்புச் சர்க்கரை, மிளகு, கிராம்பு, ஜாதிபத்திரி, ஆல்ஸ்பைஸ், ஜூனிபர் காய், நிறம் காக்கக் கொஞ்சம் வெடியுப்பு என்று தேய்த்து ஒன்றிரண்டு வாரம் ஊற வைப்பார்கள். வெடியுப்பின் அளவு தப்பினால் ஆபத்து. அதனால் பதப்படுத்தும் வேலையைக் கறிக்கடைக்காரரிடமே விட்டுவிட்டு, ஊறிய இறைச்சியை வாங்கி வேக வையுங்கள். 2 கிலோ துண்டுக்குத் தண்ணீரோடு ஒரு பாட்டில் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் ஊற்றி மெல்லிய கொதியில் மூன்று மணி நேரம். அந்த நீரிலேயே ஆற விட்டு, கனமான ஒன்றை மேலே வைத்து ஒரு ராத்திரி அழுத்தி, மறுநாள் காகிதம் போல் மெல்லிசாக வெட்ட வேண்டும். சூடாக இல்லை, ஆறித்தான் சாப்பிடுவார்கள், ரொட்டியில் வைத்து. முதல் வாய் வைத்ததும் எனக்குக் கறிமசாலா அரைக்கும் வாசம் ஞாபகம் வந்தது.

சோடா ரொட்டிக்கு ஈஸ்ட் வேண்டாமா?

வேண்டாம். இங்கே பிரெட் சோடா என்று விற்பது நம் ஆப்ப சோடாதான். மோரின் புளிப்போடு சேர்ந்ததும் வாயு கிளம்பி மாவை எழுப்பும். ஐரிஷ் கோதுமை மென்மையானது, ஈஸ்ட் ரொட்டிக்கு அவ்வளவாகத் தோதில்லை. 19ஆம் நூற்றாண்டில் சோடா வந்ததும் வீட்டுக்கு வீடு பிடித்துக்கொண்டார்கள்.

முழுக் கோதுமை மாவு 225 கிராம், மைதா 225 கிராம் (இங்கே க்ரீம் ஃப்ளவர் என்று எழுதியிருக்கும்), சோடாவும் உப்பும் தலா ஒரு டீஸ்பூன், கெட்டி மோர் 400 மில்லி. கை விரல்களைப் பறவைக் கால் போல் விரித்து ஒரே நிமிடம் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு போல் பிசைந்தால் கல்லாகிவிடும். உருட்டி, மேலே ஆழமாகச் சிலுவை கீறி, 230 டிகிரியில் 15 நிமிடம், 200இல் இன்னும் 25 நிமிடம். அடியில் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்க வேண்டும்.

புட்டிங்கை ஒரு மாதம் முன்னாலேயே செய்ய வேண்டுமாமே, எனக்கு நேரமில்லை.

கடையில் வாங்குங்கள். வெட்கமே இல்லை, இங்கேயும் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

செய்யத்தான் வேண்டும் என்றால்: உலர்திராட்சை வகைகள் 500 கிராம், ரொட்டித்தூள் 150, மாட்டுக்கொழுப்பான சூயட் அல்லது உறைந்த வெண்ணெய்த் துருவல் 150, பழுப்புச் சர்க்கரை 150, மைதா 75 கிராம், முட்டை 3, ஸ்டவுட் 125 மில்லி, துருவிய ஆப்பிள் ஒன்று, ஆரஞ்சுத் தோல் துருவல், பட்டை ஜாதிக்காய்ப் பொடி. ராத்திரி முழுக்க ஊற விட்டு, வெண்ணெய் தடவிய ஒன்றரை லிட்டர் கிண்ணத்தில் போட்டு, காகிதமும் ஃபாயிலும் கட்டி 6 மணி நேரம் ஆவியில். நம் இட்லிப் பானையே போதும், தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் சரி. பரிமாறும் அன்று இன்னும் 2 மணி நேரம். சூடான பிராந்தியை ஊற்றித் தீக்குச்சி காட்டினால் நீலச் சுவாலை எழும். விளக்கை அணைத்துவிட்டுச் செய்தால் குழந்தைகள் கத்துவார்கள். இந்த விருந்தில் வழக்கமாகப் போடும் பேப்பர் தொப்பியோடு இருப்பவர்களைத் தள்ளி உட்கார வையுங்கள்.

மது இல்லாமல் முடியுமா?

முடியும். ஸ்டவுட்டுக்குப் பதில் கெட்டியான டிகாஷன் டீ, ஷெர்ரிக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு. நீலச் சுவாலை மட்டும் கிடைக்காது.

சைவக்காரர்களுக்கு என்ன தருவது?

தட்டில் பாதி ஏற்கெனவே சைவம்தான், கொழுப்பை மாற்றினால் போதும். கிழங்கை எண்ணெயில் வறுங்கள், ஸ்டஃபிங்கைத் தனிப் பாத்திரத்தில் சுடுங்கள், புட்டிங்கில் வெண்ணெய் போடுங்கள். கிரேவிக்குக் காளானையும் வெங்காயத்தையும் நன்றாகச் சிவக்க வதக்கிச் செய்யலாம். நடுவில் வைக்க முந்திரி, கஷ்கொட்டை, காளான், ரொட்டித்தூள் சேர்த்துச் சுட்ட நட் ரோஸ்ட். பன்றி சாப்பிடாதவர்கள் வந்தால் ஸ்ப்ரவுட்ஸில் பேக்கன் போடுவதற்கு முன் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். இதை நான் ஒரு தடவை மறந்து, விருந்தாளி முன்னால் அசடு வழிந்தேன்.

ஊரில் அம்மா வீட்டில் சின்ன ஓவன்தான் இருக்கிறது. அங்கே செய்ய முடியுமா?

வான்கோழியை விடுங்கள், அது கதவுக்குள்ளேயே நுழையாது. 1.5 கிலோ முழுக் கோழியை இதே வெண்ணெய் முறையில் 190 டிகிரியில் ஒன்றே கால் மணி நேரம் சுட்டால் நான்கு பேருக்கு ஆகும். பார்ஸ்னிப்புக்குப் பதில் சர்க்கரைவள்ளி. மற்றவை அப்படியே.

ஐரிஷ் காபியில் க்ரீம் மூழ்கிவிடுகிறது, ஏன்?

சர்க்கரை போடாததால். லிமரிக் மாவட்டத்து ஃபாய்ன்ஸில் முன்பு கடல்விமான நிலையம் இருந்தது. 1940களில், குளிரில் நடுங்கி வந்த பயணிகளுக்காக அங்கே சமையல்காரராக இருந்த ஜோ ஷெரிடன் உருவாக்கிய பானம் இது. சூடான காபியில் இரண்டு டீஸ்பூன் பழுப்புச் சர்க்கரை முழுக்கக் கரைந்தால் திரவம் கனமாகும், க்ரீம் மேலே நிற்கும். 35 மில்லி ஐரிஷ் விஸ்கி, பாதி மட்டும் அடித்த க்ரீம், ஸ்பூனின் முதுகில் மெதுவாக வழிய விட வேண்டும். பிறகு கலக்கக் கூடாது.

24ஆம் தேதி ராத்திரி என்ன சாப்பிடுவது?

முன்பெல்லாம் அது விரத நாள். உப்பிட்ட லிங் மீனை வேக வைத்து, வெள்ளைச் சாஸ் ஊற்றி, உருளைக்கிழங்கோடு சாப்பிடுவார்கள். ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பது அன்றைக்குத்தான். இடம் தேடி அலைந்த மரியாளுக்கும் யோசேப்புக்கும் இந்த வீட்டில் இடமுண்டு என்று அர்த்தம். நாங்கள் அன்று ரசமும் சோறும் சாப்பிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுகிறோம்.

மிச்சத்தை என்ன செய்ய?

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும். அன்று ராத்திரியே எல்லாரும் சமையலறையில் நின்றபடி வெள்ளை ரொட்டியில் வெண்ணெய், வான்கோழி, ஹாம், ஆறிய ஸ்டஃபிங் வைத்து சாண்ட்விச் தின்பார்கள். மதியச் சாப்பாடே இதற்காகத்தான் என்று சொல்பவர்களும் உண்டு. மறுநாள் புனித ஸ்தேவான் நாள். அன்றைக்குப் பல ஐரிஷ் வீடுகளில் மிச்ச வான்கோழியில் கறிப்பொடி போட்டு, சிலர் ஆப்பிளும் உலர்திராட்சையும்கூடச் சேர்த்து, ஒரு கறி வைப்பார்கள். அதைப் பற்றி என் கருத்தைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் கொத்துப் பரோட்டா. எலும்பில் சூப்.

இவ்வளவும் செய்தபின் அக்காவுக்கு ஓய்வு எப்போது?

ஜனவரி 6. ஐரிஷ் மொழியில் அதற்கு "நொல்லிக் நா மான்" என்று பெயர், பெண்களின் கிறிஸ்துமஸ். கார்க்கிலும் கெர்ரியிலும் இன்னும் விடாமல் கொண்டாடுகிறார்கள். அன்று பெண்கள் கூட்டாக வெளியே போய்ச் சாப்பிடுவார்கள், வீட்டு வேலை ஆண்களுக்கு. நான் போகும்போது மிச்ச கேக்கை எடுத்துப் போவேன். வீட்டில் அன்றைக்கு உப்புமா என்று கேள்வி.